பூனைக்கு எண்ணத் தெரியுமா

"பாக், பூனைக்கு எண்ணத் தெரியுமா?"

கினந்தி தன் அப்பாவிடம் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. இருபதுவரை எண்ணக் கற்றுக்கொண்டு, படியிலிருந்து பல்லிவரை கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா வகிரான் வாசலில் குந்தியபடி ஓர் அரிசிச் சாக்கின் வாயைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தான். சாக்குக்குள் அடுத்த வீட்டு அம்மாள் இபு ஹர்யாத்தியின் பூனை போட்ட ஐந்து குட்டிகளில் மூன்று கிடந்தன. மதில் மேல் தாய்ப்பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாது," என்றான். "ரெண்டு மிச்சம் இருந்தா அதுக்குப் போதும். எல்லாம் இருக்கிற மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம் ஏன் கத்துது?"

பசிக்கும் என்று சொல்லி, வண்டியைக் கிளப்பினான். அந்த மூன்றில் வளைந்த வாலோடு சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. வால்நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கியிருக்கும். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கினந்தி முதல் நாளே கேட்டிருந்தாள். நம் வீட்டில் நமக்கே இடமில்லை என்று அவள் அம்மா சுமியாத்தி சொல்லிவிட்டாள்.

ஜாவாவில், செமாராங் நகரின் தாழ்ந்த பகுதியில் இருந்த அந்தச் சந்தில் பூனைக்குட்டி சேர்ந்துவிட்டால் வகிரானைத்தான் கூப்பிடுவார்கள். அவனிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஆள் ஏற்றிப் பிழைக்கிற வண்டி. கையும் மென்மையான கை. எந்தக் குட்டியையும் அவன் காலைப் பிடித்துத் தூக்கியதில்லை. கட்டிய சாக்கை மூன்று சுற்றுச் சுற்றித் திசை மறக்கச் செய்து, பாலம் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாருச் சந்தையில் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவான். தண்ணீரைத் தாண்டிய பூனைக்கு வழி தெரியாது என்பது ஊர் நம்பிக்கை. அதற்கு அவன் கூலி வாங்கியதில்லை. ஒரு டம்ளர் காப்பியும் வறுத்த வாழைப்பழமும் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டு வருவான்.

இதை அந்த ஊரில் யாரும் தூக்கிப் போடுவது என்று சொல்லமாட்டார்கள். "சந்தையில தித்திப்" என்பார்கள். தித்திப் என்றால் ஒப்படைப்பது. வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது போல. நம் காதில் தித்திப்பு என்று விழுகிற அந்தச் சொல்லில் அவர்களுக்கும் கொஞ்சம் இனிப்பு இருக்கத்தான் செய்தது. சந்தையில் மீன் இருக்கிறது, மீன் தலை இருக்கிறது, பூனை பட்டினி கிடக்காது. அடிக்கவில்லை, ஆற்றில் போடவில்லை, ஒப்படைத்துவிட்டு வந்தோம். நெஞ்சு உறுத்தாமல் தூங்கலாம். வகிரானும் தூங்கினான். ஐந்து வேளை தொழுகிறவன், எறும்பைக்கூட ஊதித் தள்ளுகிறவன். அவனுக்கு அதில் தப்பு தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் கழிந்தது. அந்த வாரம் கடல் நீர் ஏறிக்கொண்டிருந்த வாரம். பௌர்ணமியை ஒட்டி மாலை நேரத்தில் சாக்கடைகள் எதிர்த்து ஓடி, தாழ்ந்த தெருக்களில் உப்புத்தண்ணீர் கணுக்கால்வரை நிற்கும். காலையில் வடிந்துவிடும். அப்படி வடிந்திருந்த ஒரு காலையில், தாதிப் படிப்புத் தேர்வுக்குப் போகிற ஒரு பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வகிரான் வாருச் சந்தைச் சாலையில் வந்தான். மீன் வரிசைப் பக்கமிருந்து ஒரு பூனை குறுக்கே பாய்ந்தது. முன் சக்கரத்தில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது போல இருந்தது. அவ்வளவுதான்.

இறங்கிப் பார்த்தான். சாம்பல் நிறப் பெண் பூனை. உயிர் இல்லை. வால்நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கியிருந்தது.

பூனையை ஏற்றிவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று ஜாவாவில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பில் இருக்கிற சட்டையைக் கழற்றி, அதில் சுற்றி, தன் கையாலேயே புதைக்கவேண்டும். வேறு துணி ஆகாது. அடித்தவன் போட்டிருந்த சட்டைதான். அப்படிச் செய்யாதவனின் இரத்தம் ஒருநாள் அதே சாலையைத் தேடி வரும் என்பார்கள். வகிரான் மேல்சட்டையின் ஜிப்பில் கை வைத்தான். பின்னால் அந்தப் பெண் இறங்கி நின்றாள். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஏழு மணிக்குத் தேர்வு மண்டபத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பூனையைச் சாலையோரம் ஒதுக்கிக் கிடத்தினான். "இதோ வந்துடறேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பெண்ணை இறக்கிவிட்ட இடத்தில் இன்னொரு சவாரி நின்றது. அதை இறக்கிய இடத்தில் ஒரு முதியவர் ஆஸ்பத்திரிக்குப் போக நின்றார். ஒவ்வொன்றும் மறுக்கமுடியாததாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கவனம் வண்டியில் இல்லை. இரண்டு தடவை சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்க் குறுக்கே வருகிறவர்களிடம் திட்டு வாங்கினான். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த பிறகுதான் சந்தைக்குத் திரும்ப முடிந்தது. சாலையோரத்தில் பூனை இல்லை. ஒரு பிடி சாம்பல் தூவி, ஈரம் காய்ந்த அடையாளம் மட்டும் இருந்தது.

சாலைக்குப் பக்கத்திலேயே மூங்கில் கூடைகளில் அவித்த மீன் விற்கிறவள் யு கமினெம். யு என்றால் அக்கா. வாய் நீளம். அவளிடம் பேரம் பேசப் போகிறவர்கள் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். வகிரான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் முன்னால் போய் நின்று, பூனையைக் கேட்டான்.

அவள் அவனுடைய சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"நீதானா? சட்டையக் கழட்டிக்கிட்டு ஒருத்தன் வருவான் வருவான்னு ஒம்போது மணிவரைக்கும் பாத்தேன். வெயில் ஏறிடுச்சு. ஈ மொய்ச்சுது. என் தோள்துணியில சுத்தி, குழாயடிக்குப் பின்னால பொதச்சிட்டேன்."

சந்தைப் பெண்கள் கூடையை முதுகில் கட்டிச் சுமக்கிற கோடுபோட்ட கைத்தறித் துணி அது. அன்று அவள் கூடை, கட்டிச் சுமக்கத் துணியில்லாமல் தரையில் இருந்தது. வகிரான் மன்னிப்புக் கேட்டான். எனக்கா அடிபட்டது, என்னிடம் எதற்கு மன்னிப்பு என்றாள். அவனுக்கு அதோடு போய்விட மனம் வரவில்லை. நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டான்.

"யு, அந்தப் பூனைய எனக்குத் தெரியும். குட்டியா இருக்கிறப்ப நான்தான் இங்க தித்திப் பண்ணினேன்."

"யார்கிட்ட?"

"என்னது?"

"யார்கிட்ட ஒப்படச்சேன்னு கேக்கறேன். என்கிட்டயா? நான் கை நீட்டி வாங்கினேனா? எதிர்த்தாப்ல கோழிக்காரன் வாங்கினானா?" மீன் மேல் ஈ ஓட்டிக்கொண்டே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "ஒப்படைக்கிறதுன்னா வாங்கிக்க ஒரு ஆள் வேணும் மாஸ். நீங்கள்லாம் சாக்க அவுத்துட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடறீங்க. பத்து வந்தா ரெண்டு பொழைக்குது. அந்த ரெண்டும் வருஷத்துக்குப் பத்து போடுது. ஊரெல்லாம் என்கிட்டதான் பூனைய ஒப்படைக்குது, எனக்கே தெரியாம."

வகிரான் தலையைக் குனிந்துகொண்டான். கமினெம் ஒரு வாழையிலையை எடுத்து மீன் கூடையை மூடினாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். துணியில் சுற்றுவதற்கு முன்னால் பூனையின் வயிற்றைத் துடைத்தாளாம். நான்கு காம்புகள் மட்டும் மயிர் ஒதுங்கி, சிவந்து, ஈரமாக இருந்தனவாம். மற்றவை காய்ந்து கிடந்தன.

"நாலு குட்டி. ஒவ்வொண்ணுக்கும் அதது காம்பு, மாத்திக் குடிக்காது. அதோட வயித்துலயே கணக்கு எழுதியிருந்துச்சு. எங்கயோ கிடக்குதுங்க, காலையிலேருந்து பால் இல்லாம."

அதற்குப் பிறகு வகிரான் சவாரி எடுக்கவில்லை. போனை அணைத்துவிட்டு மீன் வரிசை முழுவதும் குனிந்து குனிந்து தேடினான். பலகைகளுக்கு அடியில், பனிக்கட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால், தேங்காய்மட்டைக் குவியலில். கோழிக்காரன், "என்ன மாஸ், கல்யாண மோதிரமா?" என்று கேட்டுச் சிரித்தான். குட்டி என்று தெரிந்ததும் அவனும் வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். கவிழ்த்து அடுக்கியிருந்த காலிக் கூடைகளுக்குள்தான் அவை இருந்தன. மூன்று. கண் திறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து குரல் போகிற அளவுக்குக் கத்தியிருந்தன. கூடைகள் எல்லாவற்றையும் எடுத்து உதறிப் பார்த்தார்கள். நான்காவது இல்லை.

கமினெம் வந்து எட்டிப் பார்த்தாள். எலியோ நாயோ கொண்டுபோயிருக்கும், விட்டுவிடு, இருக்கிற மூன்றைக் காப்பாற்று என்றாள். அதுதான் நியாயமாகவும் இருந்தது. மேல்சட்டைக்குள் மூன்றையும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

கினந்தி பள்ளியிலிருந்து வந்திருந்தாள். ஒரு பழைய துண்டில் மூன்றையும் கிடத்தி, அம்மா வாங்கிவந்த குட்டிப்பாலை மருந்துப் பிழிகுழலால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். குட்டிகளின் அம்மா எது, அதற்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவும் வகிரான் மறைக்கவில்லை. வால் மடங்கிய பூனை என்று சொன்னபோது அவள் பிழிகுழலைக் கீழே வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதுக்கு மொத்தம் எத்தன குட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு. ஒண்ணு கிடைக்கல."

அவள் மறுபடி பிழிகுழலை எடுத்துக்கொண்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு அவன் பிந்திவிட்டான். சந்து முனையில் இருந்த சின்னத் தொழுகை வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் தொழுதுவிட்டுப் போயிருந்தார்கள். தனியாக நின்று கை கட்டினான். நாலு ரக்அத், அதாவது நின்று குனிந்து எழுகிற நாலு சுற்று, தொழவேண்டும். நெற்றியைத் தரையில் வைத்தபோது பாய் பூனை மூத்திரம் நாறுவது போல இருந்தது. அது தன் சட்டைதான் என்று பிறகு புரிந்தது. எழுந்தான், குனிந்தான், மறுபடி எழுந்தான். நடுவில் ஓர் இடத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இப்போது தொழுது முடித்தது மூன்றா, நான்கா? எவ்வளவு நினைத்தும் பிடிபடவில்லை.

அதற்கு வழி இருக்கிறது. சின்ன வயதிலேயே கற்றது. மூன்றா நான்கா என்று சந்தேகம் வந்தால் மூன்று என்றே வைத்துக்கொள், எழுந்து இன்னொன்று தொழு. குறைந்த எண்ணில்தான் உறுதி இருக்கிறது. முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதே. வகிரான் எழுந்து நின்று நான்காவதைத் தொழுதான். நெற்றியைத் தரையில் வைத்து, மறதிக்கான இரண்டு சஜ்தாவைச் செய்தான். வலமும் இடமும் ஸலாம் சொல்லத் திரும்பியபோது, இடப்பக்கம் முகம் திரும்பிய அந்த நொடியில், காலையில் நடந்தது முழுவதும் கண்முன் வந்தது.

பூனை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பாய்ந்தது?

மீன் வரிசையிலிருந்து எதிர்ப்பக்கம். மூன்று குட்டியையும் மீன் வரிசைக் கூடைகளில் விட்டுவிட்டு, வாயில் ஒன்றும் இல்லாமல், எதிர்ப்பக்கத்துக்கு ஓடியது. எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடக்கிற கடைகள், அவற்றுக்குப் பின்னால் சாக்கடை. இரண்டு மூன்று நாளாகத் தண்ணீர் ஏறுகிற இடம். பூனை வீடு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து மேட்டில் வைத்திருக்கிறது. மூன்று ஆயிற்று. இன்னும் ஒன்று பாக்கி என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பாக்கியை எடுக்கப் போகும்போதுதான் இவன் சக்கரம் வந்தது.

செருப்பைச் சரியாக மாட்டாமலே வண்டியை எடுத்தான். மணி நாலேகால். ஐந்து மணிக்கெல்லாம் சாக்கடை எதிர்த்து ஓடத் தொடங்கிவிடும். பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய் வழியை அடைத்திருந்தது. ஆறு கீழே கலங்கலாக, வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததை அங்கே நின்றபடி பார்த்தான். வாய் தானாக ஓதிக்கொண்டிருந்தது. என்ன ஓதுகிறோம் என்றே தெரியவில்லை. பூனைக்காக ஒரு மனிதன் இப்படிப் பதறுவது சரியா என்று ஒரு நினைப்பு வந்தது. வாங்க ஆளில்லாமல் ஒன்றை ஒப்படைத்தவனிடம்தானே அதைப் பற்றிக் கேள்வி வரும் என்று இன்னொரு நினைப்பு வந்தது. லாரியைச் சுற்றி நடைபாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பாலத்தைக் கடந்தான்.

பூட்டிய கடைகளுக்குப் பின்னால் போனதும் அவனுக்குக் கால் நின்றுவிட்டது. சுவரை ஒட்டிய அந்த இடுக்கு அவனுக்குப் பழக்கமானது. ஆள் கண்ணில் படாமல் சாக்கை அவிழ்க்க அங்கேதான் வருவான். அவன் மட்டும் இல்லை போலிருக்கிறது. சுவரோரம் பழைய சாக்குகள் ஏழெட்டு மட்கிக் கிடந்தன. கீழே இருந்தவை ஏற்கெனவே நனைந்திருந்தன. மேலே இருந்த ஒரு சாக்கின் மடிப்பில் பூனை மயிர் ஒட்டிய குழி. காலியாக இருந்தது.

சாக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். தண்ணீர் செருப்பைத் தொட்டது. கூப்பிடலாம் என்றால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அவன் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, காதைக் கொடுத்தான். சந்தையில் கடை கட்டுகிற சத்தம், எங்கோ வானொலி, தண்ணீரின் சலசலப்பு. பிறகு, கதவு கீல் கிறீச்சிடுவது போல, ஒரு மெல்லிய ஓசை. சாக்கடை மேல் போட்டிருந்த உடைந்த பலகைக்கு அடியிலிருந்து. தாயைத் தேடி ஊர்ந்து, அங்கே போய்ச் சிக்கியிருந்தது. பலகையின் விளிம்பிலிருந்து தண்ணீர் நான்கு விரல் தாழ்வில் இருந்தது.

கையைத் தோள்வரை விட்டு எடுத்தான். சேறு பூசிய, சில்லிட்ட, ஒரு பிடிகூட இல்லாத உடம்பு. வால்நுனி மடங்கியிருந்தது.

மேல்சட்டையின் ஜிப்பை இறக்கி, உள்ளே போட்டிருந்த சட்டையைக் கழற்றினான். காலையிலிருந்து உடம்பில் இருந்த அதே சட்டை. அதில் குட்டியைத் துடைத்து, சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டான். வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான்.

வீட்டில் கினந்தி கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவன் சட்டையைப் பிரித்துக் காட்டினான். அவள் விரலால் மற்ற மூன்றோடு சேர்த்து எண்ணினாள்.

"நீ ஒரு தடவ கேட்டியே," என்றான் வகிரான். "அதுக்கு எண்ணத் தெரியும் கினந்தி. என்னவிட நல்லாவே தெரியும்."

இரண்டு வாரம் கழித்து இபு ஹர்யாத்தி கூப்பிட்டனுப்பினாள். அவளுடைய பூனை மறுபடி போட்டிருந்தது. காப்பியும் வாழைப்பழமும் தயாராக இருந்தன. மதில் மேல் பூனை உட்கார்ந்திருந்தது. வகிரான் குட்டிகளைத் தொடவில்லை. பால்குடி மறக்கட்டும், அதுவரை தாயோடு இருக்கட்டும், பிறகு கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் கையில் கொடுப்போம், நானே ஆள் பார்க்கிறேன் என்றான். அதன்பின் தாயை ஒருநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், இனிக் குட்டி போடாமல் அறுவை செய்து, அடையாளத்துக்கு இடது காது நுனியைக் கொஞ்சம் கத்தரித்து அனுப்புவார்கள் என்றும் சொன்னான்.

இபு ஹர்யாத்தி காப்பியை அவன் பக்கம் தள்ளாமல் நிறுத்திக்கொண்டாள். "அல்லாஹ் குடுத்ததப் போய் வெட்டறதா? பாவம் இல்லையா அது?"

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு இபு. ஆனா அவன் குடுத்தத நான் இத்தன வருஷமா சாக்குல கட்டியிருக்கேனே, அது என்ன?"

அவள் மதில் மேல் இருந்த பூனையைப் பார்த்தாள். டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். ஆனால் அன்று சம்மதிக்கவில்லை. அடுத்த மாதம்தான் சம்மதித்தாள், அதுவும் ஆஸ்பத்திரிக்குத் தானும் வருவேன் என்ற நிபந்தனையோடு. வண்டியின் பின்னால் உட்கார்ந்து, துணி போர்த்திய கூடையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பூனையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவளைப் பார்த்து மாவு மில்காரர் தன் பூனையை அனுப்பினார். சந்தில் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் அவன் வந்தால் இன்னும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஆனால் வகிரானிடம் சாக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான்கு குட்டிகளில் வால் மடங்கியதும் இன்னொன்றும் அவன் வீட்டிலேயே நின்றுவிட்டன. சுமியாத்தி இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், அந்த ஊரில் கல்லறைகளுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிற நாள், லுஹர் பாங்கு முடிந்த நேரம், வகிரான் வாருச் சந்தைக்குப் போனான். அந்த நேரத்தில் மீன் வரிசையில் ஆள் இருக்காது. பெண்கள் கூடைகள் மேல் வாழையிலையைக் கவிழ்த்துவிட்டுப் பின்பக்கத் தொழுகை அறைக்குப் போயிருப்பார்கள். கோழிக்காரனும் இல்லை. கமினெமின் கூடைக்குப் பக்கத்தில் சுமை கட்டுவதற்கென்று இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. இத்தனை நாளும் அதில்தான் கூடையைக் கட்டிச் சுமந்திருக்கிறாள்.

பையிலிருந்து அவன் ஒரு புதுத் துணியை எடுத்தான். கோடுபோட்ட கைத்தறி, நல்ல நீளம், முடிச்சுத் தாங்கும் கனம். சாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும் என்று, சாரத்தின் மடிப்புக்கு உள்ளேயே அதை நுழைத்தான். மாலையில் சுமை கட்ட உதறும்போது விழட்டும்.

பிறகு குழாயடிக்குப் பின்னால் போய், பூனையைப் புதைத்துச் செம்மண் சற்று மேடிட்டிருந்த இடத்தில் குந்தினான். எடுத்து வந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். தொழுகை அறையிலிருந்து செருப்புகள் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர்கள் வருவதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளப்பினான்.